இருபத்தாறு தரம் போனதாக ஒரு பட்டியல்

என் பட்டியல் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு கிழமைக்கு முதல் ஒரு தாளோடு ஆசுபத்திரிக்குப் போனேன். நாளுக்கு எத்தனை தரம் சலம் கழித்தேன் என்ற கணக்கு. முதல் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் இருபத்தாறு!

பதினைந்து வாரக் கர்ப்பம். அடிவயிறு கல்லுப் போல. அடிக்கடி போகிறது, ஆனால் போன மாதிரியே இல்லை... இது என்ன கணக்கு? சலக்கடுப்பு என்று மாமி, என் கணவரின் தாய், முடிவு கட்டினா. பார்லித் தண்ணி, இளநீர், மறுபடி பார்லி. குடிக்கக் குடிக்க நோவு கூடியது. குடித்த கிளாஸ்களையும் பட்டியலில் சேர்த்தேன்.

வாட்டில் தாதி மிஸ்ஸி தாளைப் பார்த்தா.

"ஒருக்காப் போனா எவ்வளவு போகுது, தங்கச்சி?"

"நாலைஞ்சு சொட்டு."

"அப்ப இது போறேல்லை. நிரம்பி வழியுது."

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்கிறவள். பாப்பாமோட்டைப் பக்கக் குளங்களில் நீர்மட்டம் எடுக்கிறது என் தொழில். குளம் நிரம்பி வான் பாய்ந்து வழிகிறபோது, 'தண்ணீர் நன்றாக வெளியேறுகிறது' என்று யாராவது எழுதுவார்களா? நான் எழுதியிருக்கிறேன் — இருபத்தாறு தரம்.

சலம் போகக் குழாய் போட்டார்கள். ஒரு லீற்றருக்கு மேல் வந்தது.

பிறகு டொக்டர் படம் கீறிக் காட்டினார். என் கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்தது. நிறையப் பெண்களுக்கு அப்படித்தானாம். பிள்ளை வளரத் தானாக நிமிர்ந்து மேலே வந்துவிடும். எனக்கு வரவில்லை. இடுப்பெலும்புக்குள் சிக்கி, சலப்பாதையை நெரித்துக்கொண்டு நிற்கிறது. அபூர்வமாம். ஏன் எனக்கு? அவருக்கும் தெரியாது.

முழங்காலில் நின்று, நெஞ்சு நிலத்தில் படக் குனிய வேண்டும். பத்து நிமிடம், நாளுக்கு மூன்று தரம். ஒரு கிழமைக்குள் நிமிராவிட்டால் கையால் தள்ளி ஏற்ற வேண்டும், அதில் பிள்ளைக்கு ஆபத்து இருக்கு என்று மெதுவாகச் சொன்னார்.

குழாயும் பையுமாக வீட்டுக்கு வந்து, பாயை விரித்துக் குனிந்தேன். மாமி எட்டிப் பார்த்தா. பக்கத்தில் முழங்காலிட்டுச் செபமாலையைத் தொடங்கினா. இது செபமில்லை மாமி, வைத்தியம் என்று பாயில் கன்னம் அழுந்தச் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டது? என் கணவர் வாசலில் நின்று, "ரெண்டு பேரில ஆருக்குச் சுகமில்லை?" என்றார்.

சரி, செபமாலையில் பத்துப் பத்து மணியாக மூன்று சுற்றுச் சொல்ல ஏறத்தாழப் பத்து நிமிடம். அதையே மணிக்கூடாக வைத்துக்கொண்டேன். முடிந்ததும் நேரத்தை எழுதினேன். முதல் நாள் பத்து. மூன்றாம் நாள் பதினான்கு. ஐந்தாம் நாள் பதினெட்டு! அதே செபம், அதே மணிகள். என் கைக்கடிகாரம் பிழையா, மாமி களைத்துப் போனாவா?

ஏழாம் நாள் ஸ்கேன். கர்ப்பப்பை நிமிர்ந்திருந்தது. உள்ளே பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. குழாயைக் கழற்றினார்கள். குனிந்ததாலா, நாள் போனதாலா என்று கேட்டேன். இரண்டும் இருக்கலாம் என்றார் டொக்டர். இதை எந்த நிரலில் எழுதுவது?

வீட்டுக்குத் திரும்பும் பேசாலை பஸ்ஸில் மாமியிடம் தாளை நீட்டி, அந்தப் பதினெட்டை விசாரித்தேன். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்தா.

"பத்து நிமிசம் போதாது எண்டு எனக்குப் பட்டது, பிள்ளை. நீ செபம் முடிஞ்சாத்தானே எழும்புறனி... அதான் ஆறுதலா, இழுத்திழுத்துச் சொன்னனான்."