குடலில் புற்று, குப்பியில் கிழங்குச் சாறு

கம்பவுண்டர் என்பவர் டாக்டரிடமும் திட்டு வாங்குவார், நோயாளியிடமும் திட்டு வாங்குவார். அவரைத் திட்டாதது மருந்து ஒன்றுதான். மிக்சரைக் கண்ணை மூடி விழுங்கிவிட்டுக் கம்பவுண்டரை மனசுக்குள் சபித்தவர்களே, யுத்த காலத்தில் அரூரில் உங்கள் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவன் நான்தான்.

டாக்டர் வீட்டில் என்ன குறை?

எங்கள் டாக்டருக்குச் சீமையிலிருந்து வைத்தியப் பத்திரிகை வரும். கப்பல் தப்பினால் வரும். ஒரு நாள் அதைப் படித்துவிட்டு, "கண்வலிக்கிழங்கு வேணுமே" என்றார். வேலியில் தீப்பிடித்தாற்போல் பூக்கிற கொடி அது; அதன் கிழங்கு கொடிய விஷம்.

சித்தேரி மலையிலிருந்து சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவரும் சடையனிடம் சொல்லிவைத்தோம். கொண்டுவந்தார். ஆனால் என் கையில் கொடுக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு, என்னை ஓரமாக அழைத்துக் கவலையோடு கேட்டார்: "சாவோணும்னு நெனைக்கிறவங்கதாங்க இதைத் தோண்டுவாங்க. டாக்டரு வூட்ல என்னங்க கொறை?"

வெங்காயத்துக்கு வைத்தியம்

டாக்டர் இரண்டு தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வெங்காயத்தை உட்காரவைத்தார். ஒன்றில் மட்டும் கிழங்குச் சாறு. சில நாளில் வெறும் தண்ணீர் வெங்காயம் சாமியார் தாடி மாதிரி வேர்விட்டது. மற்றதன் வேர் முளைத்த இடத்திலேயே நின்று, நுனி தடித்துப்போயிற்று. சந்தைக்கு வந்த சடையனும் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். வேருக்குள் சின்னச் சின்ன அறைகள். இரண்டாகப் பிரியக் கிளம்பியவை பாதியில் அப்படியே நின்றிருந்தன. கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கோயிலில்கூட அப்படி நின்றதில்லை நான். உடம்புக்குள் வளர்கிற கட்டிகளையும் இது பிற்காலத்தில் நிறுத்தலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்ததாம். என்னைத் திட்டுவதற்கன்றி வாய் திறக்காத டாக்டர் அன்று சொன்னார்: "உயிர் ரெண்டாப் பிரியிற எடத்துலயே போய்க் கையைப் புடிக்குதுய்யா இது!"

புற்றைக் கலைக்கக் கூடாது

மழை முடிந்த சமயம், சடையன் தன் மனைவி பொன்னியைக் கூட்டிவந்தார். வெளிக்குப் போனால் ரத்தம், வயிற்றில் கட்டி, ஆள் பாதியாகிவிட்டார். டாக்டர் சோதித்துவிட்டு, "குடல்ல புத்து. சேலத்துக்குப் போய் உடனே வயித்தைத் திறந்து எடுத்தாத்தான் பொழைப்பாங்க" என்றார்.

சடையன் அழவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மனைவியின் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டார். பாம்புப் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிற மனுஷன். அது வேற புத்து, இது வேற புத்து என்று டாக்டர் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சடையன் தலையை ஆட்டிவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்: "சாமி குடியிருக்குதுங்க. புத்தை வெட்டுனா எங்க வம்சமே வெளங்காதுங்க."

பொன்னி பேசினார்

பிறகு சடையன் கண் மேசையிலிருந்த கிழங்குச் சாற்றுக் குப்பியின் மேல் போயிற்று. "வெங்காயத்தை நிறுத்துன சாறு இருக்குதில்லைங்க. வெட்டாம, அப்படியே நிறுத்திப்புடுங்க" என்றார். நானும் ஆசையோடுதான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் குப்பியை எடுத்து அலமாரியில் பூட்டினார். "இது கட்டியை மட்டும் நிறுத்தாதுப்பா, ரத்தம் ஊறுறதையும் நிறுத்திப்புடும். ஆளை விட்டுட்டுக் கட்டியை மட்டும் புடிக்க இன்னும் யாருக்கும் தெரியலை" என்றார்.

சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை பெஞ்சில் சுருண்டு கிடந்த பொன்னி, சுவரைப் பிடித்து எழுந்து, புருஷனைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னார்: "வூட்டுக்குள்ள புத்து வந்தா, வூட்டைச் சாமிக்கு வுட்டுட்டு வேற வூடு கட்டிக்குவோமுங்க. ஒடம்பை வுட்டுட்டு நான் எங்க போறதுன்னு அவரையே கேளுங்க."

சடையன் எழுந்து சேலத்து பஸ்ஸைப் பார்க்க ஓடினார். வயிற்றில் நீளமான தழும்போடு பொன்னி அதற்குப் பிறகும் பல வருஷம் மலையிறங்கிச் சந்தைக்கு வந்தார்.

உயிர் இரண்டாகப் பிரிகிற இடத்தையே பிடித்து நிறுத்துகிற கிழங்கைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் அன்று எங்களுக்கு அதைவிடப் பெரிய விஷமாக வந்து வாய்த்தது, இந்த நோய்க்குப் புற்று என்று பெயர் வைத்த புண்ணியவானின் தமிழ்தான்.