மடி மாறிய பை

எங்கள் பக்கத்து பஸ்களில் ஒரு பழக்கம் உண்டு. உட்கார்ந்திருப்பவர், நின்றுகொண்டிருப்பவரின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். கேட்கக்கூட மாட்டார்கள், கையை நீட்டுவார்கள், பை போய்விடும். அவர் இறங்கினால், அந்த இடத்தில் உட்காருகிறவர் மடிக்குப் பை மாறும். எல்லாருக்கும் இது சர்வசாதாரணம். எனக்குத்தான் பிடிக்காது. என் பொருள் எதற்கு இன்னொருத்தர் மடியில்? இந்தக் காலத்தில் யார் சும்மா உதவி செய்கிறார்கள்?

"ஒனக்குத் தண்ணி குடுத்தாக்கூட இது எந்தப் பீலியில புடிச்ச தண்ணின்னு கேப்ப," என்பார் என் கணவர். கேட்பேன்தான்.

அன்று என் பையில் இருந்தது பால். நான் பிழிந்த தாய்ப்பால். மகன் மாதம் நிறையாமல் பிறந்து, பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நானும் அங்கேயே தங்கியிருந்தேன். மூத்தவள் சாப்பிடாமல் அழுகிறாள் என்று தகவல் வரவே, ஒரு இரவுக்கு மட்டும் நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனேன். எனக்குப் பால் ஊறுவதே கஷ்டம். விடிய விடியப் பிழிந்தும் ஒரு சின்னப் போத்தல்தான் நிறைந்தது. அடுத்த வீட்டு பிரிட்ஜில் வைக்கும்போது மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டினேன். அடுத்த வீட்டுக்காரி நல்லவள்தான். இருந்தாலும் ஒட்டினேன்.

காலையில் ஐஸை பொலித்தீனில் கட்டி, போத்தலோடு துவாயில் சுற்றி, நீலப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. பக்கத்து சீட்டில் இருந்த சிங்களப் பெண் கையை நீட்டினாள்.

"பேக் தாங்க, நங்கி," என்று தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"வேணாங்க," என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் நான் பையோடு அவள்மேலேயே சாய்ந்தேன். அவள் பையை வாங்கி, நிமிர்த்தி, மடியில் வைத்துக்கொண்டாள். பசறையில் ஏறிய கூட்டம் என்னைப் பின்வாசல் வரை தள்ளிக்கொண்டு போனது. அங்கிருந்து அவளுடைய கொண்டை மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கொண்டையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பசறை தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றது. கொண்டை எழுந்தது. முன்வாசலால் இறங்கியது. கையில் நீலப் பை.

இடித்துத் தள்ளிக்கொண்டு பின்வாசலால் குதித்து, ஓடிப்போய் அவள் பையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே லீக்ஸும் ஒரு கருவாட்டுப் பொட்டலமும் இருந்தன. பஸ் போய்விட்டது.

"மகே பேக், நங்கி," என்று அது தன் பை என்பதைக் காட்டினாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "ஒங்க பேக் நான் இருந்த சீட்ல. அங்க ஒக்காந்த மாமா மடியில," என்றாள்.

எனக்குத் தெரியாத பழக்கமா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நடுரோட்டில் நின்று, "பால்... பபாவுக்கு," என்று சொல்லி அழுதுவிட்டேன். அவள் உடனே ரோட்டில் இறங்கி, வந்த முதல் த்ரீவீலரை மறித்தாள். என்னை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டாள்.

இவள் எதற்கு வருகிறாள்? டிரைவரும் இவளும் தெரிந்தவர்களோ? என்னை எங்கே கொண்டுபோகப் போகிறார்கள்? குதிக்க வசதியாகப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவளோ டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தாள். கருவாட்டு வாசனை வண்டி முழுக்க அடித்தது.

பதுளை ஸ்டாண்டில் எங்கள் பஸ் காலியாக நின்றது. அப்புறம்தான் பஸ்ஸின் நிழலில், நீலப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவர் பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உள்ளுக்கு என்ன இருக்குன்னு சொல்லுங்க."

என் பையைக் கேட்டால் என்னையே சந்தேகப்படுகிறாரா! கோபம் வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில், ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

"பாலுங்க."

"என்னா பாலு?"

"தாய்ப்பால்."

சட்டென்று தலையைக் குனிந்து பையைக் கொடுத்துவிட்டார். "நான் எறங்குற எடம் அப்பவே போயிருச்சும்மா. ஆளு இல்லாத பைய எப்புடி விட்டுட்டுப் போறது? ஐஸ் கரையுது, ஓடுங்க," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய கால்சட்டை மடியிலிருந்து முழங்கால் வரை நனைந்திருந்தது. பதுளைக் குளிரில் அத்தனை தூரமும் பையைக் கீழே வைக்காமல் வந்திருக்கிறார். நன்றி சொல்வதற்கு முன் என் கை துவாயைப் பிரித்து பிளாஸ்டரைத் தடவிப் பார்த்தது. நிமிர்ந்தபோது அவர் திரும்பிப் போகிற பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார். த்ரீவீலரை நிறுத்தி வைத்துக்கொண்டு அந்த அக்கா, "வாங்க, வாங்க," என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ் போத்தலைக் கையில் வாங்கினாள்.

"வழி முழுக்க ஒங்க கையிலதானே இருந்திச்சு?"

ஆமாங்க என்று வாய் வரை வந்தது. "இல்ல மிஸ். பஸ்ல ரெண்டு பேரு மடியில இருந்திச்சு," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போத்தலைச் சுற்றித் திருப்பி பிளாஸ்டரைப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தாள். பிறகு பிளாஸ்டரை உரித்தாள்.

மெல்லிய குழாய் வழியாகப் பால் இறங்கியது. மகனின் நிறம் மாறுகிறதா என்று சாயங்காலம் வரை பெட்டியை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தி ஒரு பஸ் பயணத்தில் மாறிவிடுமா? அவன் நிம்மதியாகத் தூங்கினான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பாலைப் பிழிந்தவள் நான். பாதி வழிக்குமேல் அதைச் சுமந்து வந்தவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது.