நூற்று இருபத்தேழு துளைகள்

மகன் வாங்கி அனுப்பியிருக்கும் காப்பி இயந்திரத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. உள்ளே உப்புப் படிந்தால் அது எரியும். எங்கள் சங்கரன்கோவில் தண்ணீருக்கு அது எரியாமல் இருந்தால்தான் அதிசயம். இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை எரிந்துவிட்டது. மகனிடம் கேட்டால், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றி ஓட விடுங்கள், பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தடவை ஓட விடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறான். குடிக்கப்போவது நான் ஒருவன், ஒரு தம்ளர். அதற்காக ஆறு தம்ளர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று காலை மறுபடியும் அந்த வேலை. மேடைமுன் நின்று அது சொட்டி முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடான எலுமிச்சையும் பழைய காப்பித்தூளும் கலந்த வாசனை எழுந்தது. அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பில்டரைச் சுத்தம் செய்வது எப்போதும் அம்மாதான். அப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்தார். அப்போது எனக்கு எட்டு வயது.

அது பித்தளைப் பில்டர். அம்மாவின் கல்யாணத்தின்போது சிவகிரியிலிருந்து தாத்தா கொடுத்த சீர்ப் பாத்திரங்களோடு வந்தது. காப்பி போட நல்ல தண்ணீர் குடத்தில் வரும். பாத்திரம் கழுவ அதைச் செலவழிக்க முடியுமா? வீட்டுக் கிணற்றின் உப்புத் தண்ணீரில்தான் பில்டரையும் கழுவுவார்கள். அதனால் மேல் பாத்திரத்தின் அடியில் இருக்கும் துளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். அம்மா அவ்வப்போது அதைச் சுத்தம் செய்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எண்ணுலே" என்பாள். எண்ணுவது என் பொறுப்பு. மொத்தம் நூற்று இருபத்தேழு துளைகள். எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிந்தால் சரி.

அந்த வருஷம் ஆடி மாசம் தங்கச்சிக்குத் தொடர்ந்து காய்ச்சல். அம்மாவுக்குப் பில்டரைக் கவனிக்க நேரமில்லை. அப்போது பார்த்து, அப்பா வேலை பார்த்த தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு சிநேகிதர் வீட்டுக்கு வந்தார். அம்மா பில்டரில் வெந்நீர் ஊற்றி வைத்தாள். இறங்கவில்லை. தட்டினாள். இறங்கவில்லை. வந்தவர் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, வானத்தைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, "இருக்கட்டும் அண்ணாச்சி, இன்னொரு நாள் குடிச்சாப் போச்சு" என்று எழுந்துவிட்டார். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே பார்த்துச் சொன்னார்:

"உங்க வீட்டுப் பில்டரு உங்க வீட்டு ஆளுக மாதிரிதான இருக்கும். தலைகீழாக் கவுத்தாலும் ஒரு சொட்டு விடாது."

வந்தவர் சிரித்தார். அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையோடு சிவகிரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை விட்டுவிட்டாள். போகும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"பில்டரு அங்கனதான் இருக்கு. நீங்களே சுத்தம் பண்ணி நீங்களே குடிங்க. முடியலன்னா வந்து சொல்லுங்க, அப்போ பேசுவோம்."

அப்பா தம்மால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரு வாரம் ஓட்டலில் காப்பி குடித்தார். சோறும் குழம்பும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுத்தனுப்பினாள். எனக்குத் தலைசீவிவிட ஆளில்லை. அப்பா சீவினால் வகிடு நெற்றியில் ஓரிடத்தில் ஆரம்பித்து வேறெங்கோ முடியும். சாப்பிடும்போது எப்போதும் அம்மா உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, அப்பா ஒரு சுவரோரம், நான் ஒரு சுவரோரம் உட்கார்ந்திருப்போம். பாயில் அம்மாவின் சேலை ஒன்று மடித்தபடி கிடந்தது. அதை எடுத்துக் கொடியில் போடச் சொல்லி அப்பா சொல்லவில்லை. நானும் தொடவில்லை.

ஊரில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டது. சுவாமிக்காக அம்மன் தவமிருக்கும் திருவிழா. தபசுக் காட்சியன்று சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அதற்குள் அம்மா வரவில்லை என்றால் வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்டால் கதை ஊருக்கு ஊர் போகும். அப்புறம் இரண்டு பக்கமும் இறங்கிவர வழியிருக்காது. பெரியம்மா இதையெல்லாம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அப்பாவுக்குக் கேட்கும்படி சொல்லுவாள். எனக்கு அதில் பாதி புரிந்தது. அம்மா இனி வரவே மாட்டாளோ என்ற பயத்துக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பில்டரோடு புறவாசலில் உட்கார்ந்தார். முந்தின நாளே எலுமிச்சைத் தோலும் புளியும் போட்ட தண்ணீரில் அதை ஊற வைத்திருந்தார். கரி அடுப்பைப் பற்றவைத்து, மேல் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்துத் தணலில் காட்டினார். துளைகளில் அப்பியிருந்த பழைய தூள் கருகிப் புகைந்தது. கல்லில் தட்டினார். பிறகு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி ஒவ்வொரு துளையாகக் குத்தினார். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தூள் இறங்கிவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு ஆச்சரியம். அம்மா செய்வதை அவர் பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"கோயில்ல அம்மன் தபசு இருக்கா. நம்ம தெருவுல ஐயா தபசு இருக்காவளோ?"

"சும்மா இருங்க மதினி."

"பில்டரை என்னத்துக்குப் போட்டு இந்தக் குத்து குத்துதீய? பஸ் ஸ்டாண்டு என்ன பத்து மைலா இருக்கு?"

அப்பா பில்டரை வெயிலுக்கு நேரே தூக்கி, "எண்ணுலே" என்றார். எண்ணினேன். நாற்பத்தொன்பது. மறுபடி ஊற வைத்து, மறுபடி சுட்டு, மறுபடி குத்தினார். தொண்ணூறு. மத்தியானத்துக்குள் நூற்று இருபத்தேழும் திறந்துவிட்டன. எனக்கே சந்தேகமாக இருந்ததால் ஓரத்திலிருந்து ஒரு தடவை, நடுவிலிருந்து ஒரு தடவை எண்ணினேன். அத்தனையிலும் வெளிச்சம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பா தூள் போட்டு வெந்நீர் ஊற்றினார். கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் அடுக்களை முழுவதும் கேட்டது. நான் குதித்தேன். அப்பா பால் காய்ச்சி, காப்பி கலந்து, இரண்டு தம்ளரில் ஊற்றினார். எனக்கு ஒன்று என்று நினைத்துக் கை நீட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன், அது அம்மாவின் தம்ளர். அப்பாவும் அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. தம்முடையதை ஒரு வாய் குடித்தார். நன்றாக இருந்திருக்க வேண்டும்; முகம் அப்படித்தான் போயிற்று. ஆனால் கீழே வைத்துவிட்டார். அம்மாவின் தம்ளரில் ஆடை படிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து, பில்டரைச் சக்கையோடு அப்படியே மூடி ஒரு துண்டில் சுற்றினார்.

"அப்பா, கழுவாம வச்சா மறுபடி அடைச்சுக்கிடும்."

"அடைக்கட்டும். சட்டையைப் போடு. சிவகிரிக்குப் போறோம்."

மாமா வீட்டை அடையும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து, "வாங்க மாப்பிள்ள" என்றார். அம்மா வாசலுக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டது. அப்பா உட்காரவில்லை. துண்டோடு பில்டரை நீட்டி, மாமாவைப் பார்த்து, கதவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"இது எனக்கு அடங்க மாட்டேங்குது மச்சான். என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். முடியல."

அம்மா வெளியே வந்து அதை வாங்கினாள். துண்டை அவிழ்த்தாள். மூடியைத் திறந்ததும் புதுத்தூள் வாசனை அடித்தது. கீழ்ப் பாத்திரத்தைக் கழற்றினாள். அடியில் கொஞ்சம் டிக்காஷன் கெட்டியாக, கறுப்பாக, இன்னும் மிச்சமிருந்தது. அதை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அப்பா தெருவில் போகிற ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புறவாசலுக்குப் போய்ச் சக்கையைத் தட்டிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவி, வாசலுக்குக் கொண்டுவந்து, சாய்கிற வெயிலுக்கு நேரே மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் நூற்று இருபத்தேழு புள்ளி வெளிச்சம் விழுந்தது.

"ஆமா, அடைச்சுத்தான் இருக்கு" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லம்மா! அப்பா எல்லாத்தையும் குத்தியாச்சு. நூத்தி இருபத்தேழும் திறந்திருக்கு. நான் ரெண்டு தடவை எண்ணினேன். காப்பி இறங்கிச்சு, அப்பா குடிச்சாவ!"

அப்பா இன்னும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"உனக்கு எண்ணத் தெரியலலே" என்றாள் அம்மா.

மாமா பில்டரை வாங்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "ஒரு துளைகூடத் தெரியலயே. எங்க வீட்டுச் சாமான் எங்க வீட்டுக் கைக்குத்தான மாப்பிள்ள கேக்கும்?"

"அது சரிதான்" என்றார் அப்பா. தம் வாழ்க்கையில் மாமாவிடம் அவர் அப்படி ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன அத்தையிடம், "இல்ல மதினி, கடைசி பஸ் போயிரும். தபசுக்கு ஆளுக வருவாவ, வீடு கிடக்கிற கிடை எப்படியோ" என்றாள்.

பஸ்ஸில் அம்மா தங்கச்சியோடு முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் அவளுக்குப் பின்னால். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கணக்கில் வகுப்பிலேயே முதல் பையன் நான். பையிலிருந்து மேல் பாத்திரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி எண்ணத் தொடங்கினேன். பஸ் குலுக்கியதில் முப்பதில் விட்டுவிட்டேன். மறுபடி ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டியபோது எல்லாத் துளைகளும் ஒரேயடியாக இருண்டுபோயின. அப்பா அந்தப் பக்கம் தம் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தார்.

"இப்ப எண்ணு பாப்போம்" என்றார்.

முன்னால் அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவும் சிரித்தார். என்னைக் கேலி செய்ய இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணக்கு சரி என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று, ஊர் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.