ஏகாம்பரம் உதைக்காத சுவர்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போவார்கள், சாமி கும்பிடப் போவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதச் சனிக்கிழமை நான் போனது, என் நண்பன் ஒருவன் ஏன் சுவரை உதைக்க மாட்டேன் என்கிறான் என்று பார்க்க. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

நண்பன் பெயர் ஏகாம்பரம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, சென்னையில் நாங்கள் பயிற்சி எடுக்கும் நீச்சல்குளத்துக்கு வந்துவிடுவான். நேராக நீந்தினால் எங்களில் ஒருத்தனும் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் நூறு மீட்டர் பந்தயம் என்றால் ஐம்பது மீட்டர் போய், எதிர்ச்சுவரருகே தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டு, இரண்டு காலாலும் சுவரை ஓங்கி உதைத்துத் திரும்ப வேண்டும். அங்கேதான் ஐயா கோட்டை விடுவார். சுவருக்கு வலிக்குமோ என்பதுபோல் கையால் மெல்லத் தொட்டு, உடம்பை வளைத்துத் திரும்புவான். அதற்குள் பின்னால் வந்த இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போயிருப்பார்கள். எங்கள் பயிற்சியாளர் கரையில் நின்று தொண்டை வற்றக் கத்துவார். இவன் தலையைத் துவட்டிக்கொண்டு சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் அவன் அப்பா ஒரு கெடு வைத்துவிட்டார். அடுத்த மாதம் நடக்கும் மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநில அணியில் சேரலாம். வராவிட்டால் நீச்சலுக்கு முழுக்கு, தறியில் உட்கார வேண்டியதுதான். இவ்வளவு வேகமாக நீந்துகிற ஒருவன் ஒரே ஒரு உதைக்குப் பஞ்சப்பட்டு ஊரோடு போய்விடுவதா? மனசு கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

பாரிமுனையில் காலை ஆறு மணி பஸ். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். வண்டி நின்று நின்று போய், ஊர் சேர ஒன்பதாகிவிட்டது. இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்கிக்கொண்டேன், வழியெல்லாம் ஏரிகள் நிறைந்து கிடந்தன. காஞ்சிபுரம் இட்லியைப் பற்றி எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் நாலு தின்றேன், அத்தோடு விடுகிறேன்.

பஸ் நிலையத்தில் ஒரு ஜட்கா வண்டிக்காரரைப் பிடித்து, ஏகாம்பரம் வரச் சொல்லியிருந்த சர்வதீர்த்தக் குளத்துக்குப் போக வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, திதி குடுக்கவா? ஐயருக்குச் சொல்லியாச்சா?"

"இல்லைங்க, நீச்சலடிக்க."

"நீச்சலா! மெட்ராஸ்ல கடலே இருக்குது, அத வுட்டுட்டு இங்க வந்துக்கினு... ஏறு ஏறு."

சர்வதீர்த்தம் ஊரின் மேற்கே இருக்கிற பெரிய குளம். நாலு பக்கமும் படிக்கட்டு, நடுவில் நீராழி மண்டபம், அதற்குள் சாமி. தண்ணீர் மேல்படி வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தான். ஐந்து வயதில் இதே குளத்தில்தான் நீந்தக் கற்றான். படிக்கட்டிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து படிக்கட்டு, இதுதான் அவனுடைய பந்தய தூரம். அன்று அவன் நீந்தியதை நான் மறக்கவே மாட்டேன். சத்தமே இல்லை. எனக்குப் பொறாமை பொறாமையாக வந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

மண்டபத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தான். கல்லை விரல் நுனியால் தொட்டான், விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், திரும்பினான். என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"இப்படியா திரும்புவது? நான் காட்டுகிறேன் பார்!" என்று குதித்தேன். மண்டபம் வரைக்கும் நீந்தி, கரணம் போட்டு, அதன் அடிக்கல்லை இரண்டு காலாலும் விட்டேன் ஒரு உதை. தலையை வெளியே தூக்கியபோது படிக்கட்டு முழுக்க ஒரே கூச்சல்.

"அடப் பாவி! சாமி மண்டபத்த ஒதைக்கிறான் பாரு!" என்று துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஈரப் புடவையோடு எழுந்து நின்றார். "எந்த ஊர்டா நீ?"

ஏகாம்பரம் கரையேறி ஓடிப் போய், "தெரியாம செஞ்சுட்டான்மா, மெட்ராஸ் பையன்" என்று கெஞ்சினான். மெட்ராஸ் என்றதும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. கரையிலிருந்த பிள்ளையாருக்குச் சொட்டச் சொட்டத் தோப்புக்கரணம் போட்ட பிறகுதான் என்னை விட்டார்கள். அந்த அம்மாளே எண்ணினார். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நம்ம நீச்சல்குளத்தில் சாமி ஏதுடா?" என்று அவன் வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதாபா? தண்ணிக்குள்ள சொவுரு கிட்ட வந்தா கால் தானா மடங்கிக்கிது. அஞ்சு வயசுலேர்ந்து அப்படி. நான் இன்னா பண்ணட்டும்?"

வீட்டில் அவன் அப்பா குழியில் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. அம்மா ராட்டையில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே குளத்துக் கதையை முழுக்கக் கேட்டார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, தறி நமக்குச் சாமிதான? பூசை போடறோம், கும்புடறோம். உங்கப்பா காலு எங்க கீது பாரு, மிதிமேல. மிதிச்சாதான நெசவு ஓடுது? வேலைக்கு வெக்கிற காலு வேற, திமிருக்கு வெக்கிற காலு வேற. மனசு கேக்கலன்னா அப்பறமா தொட்டுக் கும்புட்டுக்கோ. யாரு வாணான்னாங்க?"

தறிச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு, காலையில் வாடகை சைக்கிள் இரண்டு எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனோம். அங்கே அவனுக்குத் தெரிந்த மணி என்ற விவசாயிக்கு, நல்ல கருங்கல் சுவர் கட்டிய பெரிய கிணறு இருந்தது.

"எங்கப்பா வெட்டுன கெணறுபா, சாமி கீமி ஒண்ணும் கெடையாது. ஒதை!" என்று மேலிருந்து மணி உற்சாகப்படுத்தினார். ஏகாம்பரம் முதலில் பூனை மாதிரி பாதத்தை வைத்தான். பிறகு தட்டினான். மத்தியானத்துக்கு மேல் ஒரு உதை விட்டான் பாருங்கள், எதிர்ப்பக்கம் போய்த்தான் தலையைத் தூக்கினான். மேலே வந்து கிணற்றுச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மணி தலையில் அடித்துக்கொண்டார்.

நீங்கள் போவதாக இருந்தால், மழைக்காலம் முடிந்து தை மாதத்துக்குள் போங்கள், கோடையில் குளத்தில் படிகள்தான் தெரியும். கோயில்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். முசரவாக்கம் வரை போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் திருப்புட்குழிப் பெருமாளையும் பார்க்கலாம். நாங்கள் பார்க்கவில்லை, கிணற்றை விட்டு அவன் ஏறினால்தானே! குளத்தில் இறங்கினால் காலை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பயணம் அன்று மாலை பஸ்ஸோடு முடிந்துவிடவில்லை. அடுத்த மாதம் போட்டிக்கு அவன் அப்பா சென்னை வந்தார். எதிர்ச்சுவர்ப் பக்கம்தான் நிழல் இருக்கிறதென்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். பந்தயம் முடிகிற இடம் அந்தக் கோடி என்று சொல்லியும் நகரவில்லை. உதையைப் பார்க்கிற ஆசையில் நானும் அவரோடு இருந்துவிட்டேன்.

விசில் ஊதினார்கள். ஏகாம்பரம் முதலாவதாக எங்களை நோக்கி வந்தான், கரணம் போட்டான், எங்கள் காலடியிலேயே சுவரை உதைத்தான். தண்ணீர் அப்பாவின் வேட்டியில் தெறித்தது.

"என்னா தம்பி, ஒதைக்கிறானே!" என்றார், முகம் சுருங்கிப்போய்.

அந்தக் கோடியில் நாலைந்து பேர் ஒன்றாகப் போய் முட்டினார்கள். யார் முதல், யார் நாலாவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நடுவர்கள் கடிகாரங்களோடு கூடிப் பேசினார்கள். மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். ஒருவன் மட்டும் தண்ணீரில் திரும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான்.

"எல்லாம் ஏறிட்டாங்க, இவன் ஏன்பா இன்னும் நீஞ்சிக்கினு இருக்கான்?" என்றார் அப்பா.

ஏகாம்பரம் வந்து சேர்ந்தான். தான் உதைத்த இடத்தைத் தடவித் தேடி, விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். மூச்சு வாங்க, "இன்னும் சொல்லலப்பா" என்றான்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"அவுங்க இன்னா வேணா சொல்லட்டும்டா. நீ நீஞ்சு."

இரண்டாம் இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பல வருடங்கள் மாநில அணிக்காக ஊர் ஊராகப் போய் நீந்தினான் ஏகாம்பரம். எங்கே நீந்தினாலும், முடிந்ததும் எதிர்ச்சுவர் வரைக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் கரையேறுவான். அந்தப் பக்கம் துண்டோடு அவன் அப்பா உட்கார்ந்திருப்பார்.