பித்தளைக் குண்டாவில் களாப்பழப் பச்சடி

போன வாரம் பேரனுடைய மகளுக்குப் பிறந்தநாள். நாமக்கல்லிலிருந்து கேக் வாங்கி வந்திருந்தார்கள். மேலே ரத்தச் சிவப்பில் ஐந்தாறு பழம் பதித்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரன் என்று மருமகள் எனக்கு ஒரே ஒரு பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். கடித்தேன். பாகின் திகட்டலைத் தாண்டி உள்ளே ஒரு துளி புளிப்பு. எனக்குத் தெரிந்த புளிப்பு.

"இது என்ன பழம்டா?"

"செர்ரி, தாத்தா."

"செர்ரியுமில்லை கிர்ரியுமில்லை. களாக்காய்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடுகிற ஆளா? காரை எடுக்கச் சொல்லி அந்த பேக்கரிக்கே போய் மாஸ்டரை வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாங்கய்யா, களாக்காய்தானுங்க. கொட்டைய எடுத்துட்டுப் பாகுல ஊறப்போட்டு கலர் ஏத்தறதுங்க. அதெப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று வாயைப் பிளந்தான்.

நான் படித்தது மூன்றாவது வரைதான். ஆனால் டீசலை மோந்து பார்த்தே கலப்படம் சொல்லிவிடுவேன். பதினாறு லாரி, இரண்டு போர்வெல் ரிக், ஒரு ஜல்லி கிரஷர், அத்தனையும் எவன் சிபாரிசும் இல்லாமல் நானே உண்டாக்கியது. இதைச் சொல்லாமல் என்னால் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க முடியாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது பழகிவிட்டது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

களாச் செடியை இந்தக் காலத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகிற பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. பாறைச் சந்துகளில் எல்லாம் களாதான். முள் ஒவ்வொன்றும் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டாகக் கிளைத்திருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் வடிந்து விரல்கள் ஒட்டிக்கொள்ளும். காய் பச்சை, செங்காய் ரோஸ், ஆனி மாதம் பழுத்தால் நல்ல கறுப்பு. கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு நான் பறிப்பேன். என் வேகத்துக்கு ஊரில் ஆள் கிடையாது, என் அக்கா பாவாயியைத் தவிர. அவளுக்குச் சாக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெறுங்கையை முள்ளுக்குள் விட்டு, ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுப்பாள்.

எங்களைப் பெற்ற ஆத்தா போன பிறகு அய்யனுக்கும் எனக்கும் ஆக்கிப்போட்டது அவள்தான். அதனாலேயே கல்யாணம் தள்ளிப்போய் இருபது வயது ஆகிவிட்டது. அப்போது யுத்தக் காலம். புளி கண்ணில் காட்டாத விலை. எங்கள் வீட்டில் ரசத்துக்கும் குழம்புக்கும் களாக்காய்தான். பழமாகிவிட்டால் பச்சடி. பழத்தை இரண்டாகக் கீறி, கொட்டையை எடுத்து, உப்புத் தண்ணீரில் போட்டுப் பாலைப் போக்கி, கருப்பட்டியும் பச்சை மிளகாயும் சேர்த்து மண்சட்டியில் குழைய வைப்பாள். முதல் நாள் சாயங்காலம் வைத்து மறுநாள் தொட்டுக்கொண்டால்தான் அதற்கு ருசி.

அந்தப் பச்சடியால்தான் சம்பந்தமே வந்தது. மாரியம்மன் நோன்பில் அதை நக்கிப் பார்த்த ஒரு அம்மாள், இதைச் செய்த பெண் யார் என்று கேட்டு, தன் மகனுக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். தோட்டமும் இரண்டு ஏரும் இருக்கிற இடம். முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை நனைக்கிறோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதாவது அந்தச் சாப்பாடுதான் நிச்சயம்.

எனக்குப் பதினெட்டு வயது. ஒரு மண்டிக்காரருக்கு மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலு ஊர் பார்த்தவன் என்ற நினைப்பு வேறு. மண்சட்டியில் பரிமாறினால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நேரே மண்டிக்காரம்மாவிடம் போய் நின்றேன்.

"ஏனுங்கம்மா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பித்தளைக் குண்டா ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

"எதுக்கடா?"

சமைக்க என்றால் எங்களுக்குத் தரமாட்டாள். "ஒறம்பரைச் சனம் வாராங்க, தண்ணி வெக்கறதுக்குங்க" என்றேன்.

மேலே அட்டாலியில், பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். கறுத்துக் கிடந்தது. பித்தளை தேய்க்கப் புளி யார் தருவார்? அழுகிய களாக்காய் ஒரு கை அள்ளிப் போட்டுச் சாம்பலோடு தேய்த்தேன் பாருங்கள், உள்ளும் புறமும் பொன்னாக ஜொலித்தது. இன்றைக்கும் லாரியின் பித்தளை ஹாரனைப் புளி போட்டுத் தேய்த்து எந்த டிரைவராவது பளபளக்க வைத்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். பையன்கள் கிழவனுக்குக் கிறுக்கு என்பார்கள்.

பாவாயி குண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, பெரிய ஊட்டுக் குண்டா எல்லாம் உள்ளார வெள்ளையா இருக்குமே. இதென்னடா மஞ்சளா இருக்குது?"

"நான் தேச்ச தேய்ப்புல வெள்ளையெல்லாம் போயிருச்சு அக்கா."

"பித்தளையில புளிச்சது ஆகாதும்பாங்க. எனக்கு என் சட்டியே போதும். நீ அதுல தண்ணிய ஊத்தி வையி."

"தோட்டத்துக்காரங்க முன்னால மண்சட்டியத் தூக்கிட்டு வர்றயா? நாலு ஊர் பாத்தவன் சொல்றேன், கேளு."

"நாலு ஊர் பாத்தவனுக்கு நாலு முள்ளுக்குள்ள கைய வுடத் தெரியல" என்று சிரித்துவிட்டு, மண்சட்டியில்தான் வைத்தாள். சாயங்காலம் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனதும் பச்சடி முழுவதையும் நான் குண்டாவுக்கு மாற்றிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தவள் கையை ஓங்கினாள். பிறகு, "செரி, இனி எதுக்கு ரெண்டு தடவ மாத்திக்கிட்டு" என்று விட்டுவிட்டாள். விருந்துக்கு வைத்ததை முன்னால் ருசி பார்க்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பேர். நான்தான் குண்டாவைத் தூக்கிவந்து நடுவில் வைத்தேன்.

"அட, குண்டா நல்லா கனமா இருக்குதே" என்றார் தாய்மாமன்.

"எங்காத்தா சீரோட கொண்டு வந்ததுங்க மாமா" என்றேன். அய்யன் திரும்பி என்னைப் பார்த்தார். 

மாப்பிள்ளையின் அம்மா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "பொண்ணு வர்றப்ப இந்தக் கரட்டையும் சீரா அனுப்பிச்சுப் போடுங்க" என்றாள். வீடே சிரித்தது. குண்டாவின் அடியில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தால் நாங்களும் தின்றிருப்போம். நாங்களும் வாந்தி எடுத்திருப்போம். பழி அப்போது வேறு மாதிரி போயிருக்கும்.

அவர்கள் வண்டி ஏரிக்கரை தாண்டுவதற்குள் ஐந்து பேருக்கும் குடலைப் பிடுங்கி எடுத்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் குண்டாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டிக்காரம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடியில் பச்சைப் பச்சையாகத் திட்டு.

"அடப்பாவி, புளிச்சது எதாச்சும் ஊத்துனயாடா? ஈயம் பூசற ஆளு வந்து எத்தன மாசம் ஆச்சு! தண்ணிக்கின்னுதானே குடுத்தேன்? இதுல நின்ன புளிப்பு வெசமாப் போயிருமேடா!"

பித்தளையில் புளிப்பு நின்றால் ஏறுகிற அந்தப் பச்சை விஷம், களிம்பு என்றால் என்னவென்றே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பரம்பரையாக மண்சட்டியில் தின்ற வீட்டில் இதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

வீட்டுக்கு ஓடிவந்தால், தாய்மாமன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அய்யன் கையைக் கட்டி நின்றார்.

"எங்கக்கா இன்னும் படுக்கைய வுட்டு எந்திரிக்கல. ஏனுங்க, எங்க பையன மயக்கறதுக்கு மருந்து வெச்சீங்களா? மருந்து வெச்சுப் புடிக்கற அளவுக்கு எங்க பையன் என்ன ராசாவா?"

"சாமி சத்தியமா இல்லீங்க மச்சான்" என்றார் அய்யன்.

"அப்பறம் எப்படிங்க அஞ்சு பேருக்கும் ஒட்டுக்கா வரும்? நீங்க யாரும் அதத் தொட்டீங்களா?"

எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். குண்டா இரவல், ஈயம் இல்லாதது, மாற்றி ஊற்றியது நான். ஆனால் முந்தின நாள்தான் இதே மனிதரிடம் ஆத்தாவின் சீர் என்று சொல்லியிருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, களாப்பால் பட்டது போல.

கதவோரம் நின்ற பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். குண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவந்த என் வெறுங்கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "மருந்தெல்லாம் இல்லீங்க. என் கைப்பக்குவந்தான் தப்பிப் போச்சுங்க."

கை ஆகாத பெண் என்று அவளே சொல்லிவிட்டாள் அல்லவா, ஊர் அதையும் மருந்துக் கதையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அப்புறம் இரண்டு இடம் வந்தது. இரண்டும் "ஓ, அந்த மருந்து ஊடா?" என்று ஊர் எல்லையிலேயே திரும்பிப் போனது. அய்யன் அந்தக் கவலையிலேயே போனார்.

நான் முன்னேறினேன். கிளீனர், டிரைவர், பிறகு சொந்த லாரி. முதல் லாரியின் பின்னால் 'பாவாயி' என்று பெயிண்டில் எழுதி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "எப்படி அக்கா?" என்றேன், அத்தனை தூரம் வந்துவிட்ட பெருமையில். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பேர எழுதிட்ட. செரி. அதும் பக்கத்துலயே, 'இவ மருந்து வெக்கல'ன்னும் எழுதிப்போடு. ஊரூராப் போயிச் சொல்லீட்டு வரட்டும்."

"அக்கா, அன்னிக்கே நான்..."

"சோறு ஆறுது. வந்து உண்ணு."

அதைப் பற்றி அவள் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். நானும் எழுதவில்லை. என் வீட்டு விசேஷங்களில் எல்லாம் அவள் பரிமாற வரமாட்டாள். கேட்டால் கால் வலி என்பாள். களாப்பழத்தை அதற்குப் பிறகு அவள் தொடவேயில்லை. என் சோற்றை மட்டும் கடைசிவரை மண்சட்டியில்தான் ஆக்கினாள். அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

பேக்கரியிலிருந்து திரும்பும்போது கரட்டுப் பக்கம் விடச் சொன்னேன். கரடு எங்கே இருக்கிறது? முப்பது வருஷமாக என் கிரஷர்தான் அதை உடைத்து ஜல்லியாக்கி விற்றது. இப்போது அது பனைமர ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ஒரு களா வேர்கூட இல்லை. காய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, வடக்கேயிருந்து லாரியில் வருகிறது என்று அந்த மாஸ்டர் சொல்லியிருந்தான். என் லாரியாகக்கூட இருக்கலாம்.

அந்தப் பச்சடியைத் தின்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். மருந்து வைத்தாள் என்று பேசிய வாய்களும் மண்ணாகிவிட்டன. அந்தக் குழி ஓரத்தில் நின்று, "குண்டா இரவலுங்க மாமா, மாத்தி ஊத்துனது நானுங்க" என்றேன். கார் டிரைவர் ஓடிவந்தான். "ஐயா, என்னையா கூப்பிட்டீங்க?" என்றான்.