ஐயரம்மாவின் வெள்ளைப் புழுக்கள்

மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரு கொழகொழப்பு வரும். சித்தூரில் எங்கள் சபைப் போதகரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுபவர், தன் ஆர்க்கிட் செடிகளின் இலைச்சந்தில் அதை வெறும் விரலால் நசுக்கி, முந்தானையில் துடைத்து, அதே கையால் எனக்குக் காபி நீட்டுவார். அவர் வீட்டு மாடியில்தான் அப்போது குடியிருந்தேன். எத்தனையோ நாள் அந்தக் காபியை மாடிக்குக் கொண்டுபோய்ச் சாக்கடைக் குழாயில் ஊற்றியிருக்கிறேன். பூச்சி விடும் பிசுபிசுப்பு, அதை நக்க வரும் எறும்பு, இலையில் கரியாகப் படியும் பூசணம், எல்லாமே எனக்குக் குமட்டும்.

செடிகள் தொங்கிய வராந்தாவில்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காருவார்கள். அதனால் ஐயரம்மா சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், பழைய டூத்பிரஷ் தவிர எதையும் கிட்டே விடமாட்டார். சபைச் செயலருக்குப் பங்காருபாளையத்தில் மாந்தோப்பு. தோப்புக்கு அடிக்கிற மருந்தை ஒருதடவை அடித்தால் தீர்ந்தது என்று வாராவாரம் சொல்வார். ஈஸ்டருக்குள் பூச்சி குறையவில்லையென்றால் அடித்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் ஐயரம்மாவும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, தங்கை வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து வெள்ளைப் புழுக்களைக் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்து செடிகளில் விட்டார். வளர்ந்தால் கறுப்பு வண்டாகுமாம். அந்த வாரமே ஈரத் தரையில் வழுக்கிக் கை முறிந்தது. புத்தூரில் கட்டுப் போட்டு, அங்கேயே உறவினர் வீட்டில் பத்து நாள் தங்க வேண்டியதாயிற்று. செடிகளை என்னிடம் ஒப்படைத்தார்.

"அசையாம கிடக்கிறது மாவுப்பூச்சி, தொடச்சிடு. பெரிசா, சடைசடையா நடந்துக்கினு இருக்குதே, அது நம்ம ஆளு. மாவுப்பூச்சியத் துன்னும். அதத் தொடாதம்மா."

எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் மூன்றாம் நாள் ஒரு புழு என் மணிக்கட்டில் ஏறியது. வெள்ளை மயிரும் அதன் அடியில் நெளியும் உடம்புமாக இருந்தது. கையை உதறிவிட்டு, அதே சோப்புக் கையோடு, நடந்துகொண்டிருந்த புழுக்களையெல்லாம் தேடித்தேடிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளினேன். அசையாமல் கிடந்தவற்றை அதன்பிறகு தொடவே இல்லை.

கையில் தூளிக்கட்டோடு திரும்பி வந்த ஐயரம்மா செடி செடியாகப் பார்த்தார். மாவு கணுவுக்குக் கணு அப்பியிருந்தது.

"நடந்துக்கினு இருந்துச்சே, ஒண்ணாவது பாத்தியா?"

"இல்லங்க ஐயரம்மா. ஒண்ணுகூட பொழைக்கல போல."

அவர் நம்பினார். செயலரிடம், "நம்ம மொறை பலிக்கல, நீங்க அடிச்சிடுங்க" என்றார். பிள்ளைகளின் பெஞ்சுகளை ஒற்றைக் கையால் தெருப்பக்கம் இழுத்துப் போட்டார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மருந்து நாற்றம் நாலு நாள் போகவில்லை. பூச்சியை அருவருத்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று, அன்று என்னையே அருவருத்தபோது தெரிந்தது.

போதகர் ஐயருக்குத் திருப்பதிக்கு மாற்றலாகிப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் என் பால்கனி ஆர்க்கிட்டில் மாவு விழுந்தது. ஐயரம்மாவுக்குப் போன் செய்து, கொய்யா மரத்துப் புழு கிடைக்குமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நம்பாதம்மா. எத்தினி பேருக்குச் சொல்லிக்கினு இருக்கேன், மருந்தே அடிங்கன்னு. நான்தான் பூச்சிய நம்பி ஏமாந்தேனே, நீயும் கூட இருந்து பாத்தியே" என்றார்.

"ஆமாங்க ஐயரம்மா" என்றேன்.