புவனேஸ் வாங்கிய வாக்கி டாக்கி

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டும் புவனேஸ், பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கிய கையோடு ஆண்டியப்பனின் குழுவில் சேர்ந்தாள். கம்போங் ராஜா ஊர்க்காரரான அவர், விடுமுறை நாட்களில் நாலைந்து வண்டிகளைக் காட்டுப் பாதையில் கூட்டிப் போவார். மலை இடுக்கில் போன் எடுக்காது, வண்டிக்கொரு ரேடியோ வேண்டும் என்றார். என்ன ரேடியோ என்று கேட்டுக்கொள்ளாமலே அவள் தானா ராத்தா டவுன் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

“யாரு கூட பேசணும்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“எல்லார் கூடயும்தான் லா. ரொம்ப தூரம் கேக்குறது எது?”

அவர் காட்டியதிலேயே பெரியதை வாங்கினாள். வண்டியில் மாட்டியதும் அதன் ஏரியல், லைன் வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தது. ஆண்டியப்பன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“தங்கச்சி, இது வேற அலைவரிசை. நாங்க பேசுறது இதுல விழாது. லைசன் வேற எடுக்கணும், அதுக்குச் சோதனை இருக்கு.”

“அப்ப இதுல யாருதான் பேசுவா?”

“யாராச்சும் பேசுவாங்க. நாங்க இல்ல.”

அவரிடம் இருந்ததோ உள்ளங்கை அகல வாக்கி டாக்கி. அதற்கு லைசனும் வேண்டாம். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பெரியதை வாங்கிக்கொண்டு அதில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், அவ்வளவுதான் என்றார். இதற்கு ஒரு பாடமா என்று நினைத்துக்கொண்டாள் புவனேஸ்.

ஞாயிறு காலை மூன்று வண்டிகள் புறப்பட்டன. முன்னால் ஆண்டியப்பன், அடுத்து புவனேஸ், கடைசியில் அகிலன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் சசிதரன் சோற்றுக் கூடையை இருக்கைகளுக்கு நடுவே திணித்தான். வாக்கி டாக்கி அதன் அடியில் போனதை இருவருமே கவனிக்கவில்லை.

“முன்னால போறவரு என்ன, பொண்ணு அழைப்புக்குப் போற மாதிரி ஓட்டுறாரு?” என்றாள் புவனேஸ்.

“மெதுவா பேசு.”

“அவருக்கா கேக்கப் போவுது? குழுவுல சேந்தன்னிக்கு அவரு கொண்டாந்த சம்பல், உப்புமில்ல, ஒரைப்புமில்ல. நான்தான் பாவமேன்னு தின்னேன்.”

அவள் பெரிய ரேடியோ வாங்கிய கதையைச் சசிதரன் ஆரம்பத்திலிருந்து நினைவூட்டினான். அதற்கு அவள், அவன் அக்கா வீட்டுக் கல்யாணம் வரைக்கும் போய் வந்தாள்.

“பாத்தீங்களா, ரேடியோல ஒரு கரகரப்பு இல்ல,” என்றாள் நடுவில். “நல்ல சாமான்.”

முன் வண்டி நின்றது. ஆண்டியப்பன் சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“அந்தக் கூடைய கொஞ்சம் தூக்குமா. பட்டன் அமுங்கி இருக்கு. கண்ணாடில பாத்தேன், அகிலன் பின்னால சேத்துல மாட்டிக்கிட்டான். கூப்பிட முடியாம, நீங்க பேசுறதையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்.”

புவனேஸுக்குக் காது மடல் சுட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வண்டியைப் பின்னால் கொண்டுபோய், கட்டி இழுத்து, ஒரே மூச்சில் அகிலனை மேட்டில் ஏற்றினாள். அகிலன் நன்றி சொன்னான். பிறகு, “கல்யாணத்துல அப்புறம் என்னாச்சுக்கா?” என்றான்.

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார்.

“இனிமே நீயே முன்னால போ தங்கச்சி.”

வளைவைத் தாண்டியதும் பாதை சரிந்து இறங்கியது. ராத்திரி மழையில் செம்மண் சோப்பாக வழுக்கியது. புவனேஸ் அவரைவிடவும் மெதுவாக, அங்குலம் அங்குலமாக வண்டியை இறக்கினாள். சசிதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மடியிலிருந்த வாக்கி டாக்கியைக் கண்ணால் காட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.